ஐந்தாவது முயற்சி

நேற்று எங்கள் கல்லூரி அணி 2 புள்ளிகளில் தோற்றுவிட்டது. அமெரிக்கக் கால்பந்து. அதிலிருந்து நண்பர்கள் குழுவில் ஒரே புலம்பல்: கடைசி நிமிடத்தில் பந்தைப் பிடிக்க ஓடிய நம் வீரரின் கையை எதிரணிக்காரர் இழுத்ததை நடுவர் கண்டுகொள்ளவில்லையாம். உண்மைதான். நானும் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினேன். மகள் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள்.

ஆனால் முதல் பாதியில் எதிரணியின் இலக்குக் கோட்டுக்கு 1 கெஜம் முன்னால் நின்றுகொண்டு, நான்கு முறை முட்டியும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினோமே, அதையும் நடுவர்தான் செய்தாரா? நேர் எதிரே இருந்த கம்பங்களுக்கு நடுவே உதைக்கத் தெரியாமல் 3 புள்ளிகளைக் கோட்டைவிட்டோமே? அந்த மூன்றே போதுமாக இருந்தது!

நடுவரால் தோற்றது என்றால் 1990 இல் மிசூரி பல்கலைக்கழக அணி கொலராடோ பல்கலைக்கழக அணியிடம் தோற்றதைச் சொல்ல வேண்டும். பந்தை முன்னே கொண்டுபோக ஓர் அணிக்கு ஒரு தடவையில் நான்கு முயற்சிகள்தான் விதி. நடுவர்கள் எண்ணிக்கையைத் தவறவிட, கொலராடோ ஐந்தாவது முயற்சியில் இலக்குக் கோட்டைத் தொட்டு 33-31 என வென்றது. முடிவு மாறவே இல்லை. 1940 இல் இதே பிழையால் டார்ட்மவுத் கல்லூரி அணியை வென்ற கார்னெல் பல்கலைக்கழக அணி, பிறகு ஆட்டத்தின் படச்சுருளைப் பார்த்துவிட்டு வெற்றியைத் தானே விட்டுக்கொடுத்தது. (எங்கள் அணி அப்படிச் செய்யுமா? செய்தால் நான் பொறுத்துக்கொள்வேனா? இரண்டும் சந்தேகம்தான்.)

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். "நீ எந்தக் கல்லூரியில் படித்தாய்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.