புதிய கூட்டத்தொடரில் என் தொகுதி உறுப்பினரிடம் எதிர்பார்ப்பது

சட்டப்பேரவையின் புதிய கூட்டத்தொடர் நெருங்கும்போது, ஆளுநர் உரையில் என்ன இருக்கும், எந்தக் கட்சி வெளிநடப்புச் செய்யும் என்பன பற்றிய ஊகங்களே நாளேடுகளில் நிறைந்திருக்கும். 234 உறுப்பினர்களுள் அமைச்சர் பதவியில் இல்லாத ஒருவர், அதிலும் முதன்முறையாக வென்று வந்தவர், எதற்கு முன்னுரிமை தரப் போகிறார் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் புறவழிச்சாலை, ஆற்றுப் பாலம், அரசுக் கலைக் கல்லூரி, தாலுகா மருத்துவமனையைத் தரம் உயர்த்துதல் என்ற வழக்கமான பட்டியல்தான் வரும்.

2022 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாமல் இருக்கும் முக்கியமான 10 கோரிக்கைகளை முன்னுரிமைப்படுத்தி மாவட்ட ஆட்சியரிடம் அளிக்குமாறு எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். எதிர்க்கட்சித் தொகுதிகளையும் சேர்த்துக் கேட்டது பாராட்டத்தக்கதே. எனினும் ஆட்சியரிடம் மனுக் கொடுக்க ஊராட்சித் தலைவரும் போதும். சட்டமுன்வடிவின் மீது வாக்களிக்கும் உரிமை உறுப்பினருக்கு மட்டுமே உண்டு.

அந்த உரிமை எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு 2023 ஏப்ரல் 21 ஆம் நாள் நல்ல சான்று. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம், ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்த நிலையில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. வெளியே தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகு, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதே ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவுக்கு அவ்வளவு எதிர்ப்பு எழவில்லை. ஏரி, ஓடை உள்ள நிலங்களையும் பெருந்திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க இடமளிக்கும் அது சட்டமாகிவிட்டது. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் சட்டமுன்வடிவுகள் குவிவது வழக்கம் என்பதால், அவற்றுள் ஒன்றையாவது பிரிவு பிரிவாகப் படித்து, அதை விரிவாக ஆராயும் உறுப்பினர்களின் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோருவதே எங்கள் உறுப்பினரின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பேன்.

அடுத்தது, துறைவாரியாக நிதி ஒதுக்கக் கோரும் மானியக் கோரிக்கை விவாதம். உறுப்பினருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் பாதி தலைவரைப் புகழ்வதில் போய்விடும் (இதில் எந்தக் கட்சிக்கும் விலக்கில்லை). மீதியில் தொகுதியின் தேவைகளை மூச்சுவிடாமல் அடுக்கிவிட்டு, "ஆவன செய்ய அமைச்சர் முன்வருவாரா என்று பேரவைத் தலைவர் வாயிலாகக் கேட்டு அமர்கிறேன்" என்று முடிப்பார். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் சொல்வார். அதற்குள் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அவையில் வைக்கப்பட்டிருக்கும். ஒதுக்கீடு எவ்வளவு, முந்தைய ஆண்டின் பணி எந்த நிலையில் நிற்கிறது என்பன அதில் அச்சாகியிருக்க, அதைப் பிரித்து ஒரு பக்கத்தைச் சுட்டிக் கேள்வி எழுப்புபவர்கள் மிகச் சிலரே.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிழற்குடைக்கும் சிமென்ட் சாலைக்கும் அது எப்படியும் செலவாகிவிடும்.

பேரவையில் அமைச்சர்கள் அளிக்கும் வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பேரவை விதி 110 இன்கீழ் விவாதமின்றிப் படிக்கப்பட்டு, மறுநாள் தலைப்புச் செய்தியாகும் அறிவிப்புகளையும் யாரேனும் இப்படித் தொடர்ந்து விசாரிக்க வேண்டும். எங்கள் உறுப்பினருக்கு எழுதும் கடிதத்தில் புதிதாக எதையும் கேட்கப் போவதில்லை. எங்கள் தொகுதிக்கென அவையில் முன்பே சொல்லப்பட்டவற்றைத் தேதியுடன் தொகுத்து, அவை எந்த நிலையில் உள்ளன என்று கேள்வி நேரத்தில் கேட்கும்படி வேண்டப் போகிறேன். 2022 முதல் கேள்வி நேரம் நேரலையாக வருவதால், விடையைத் தொகுதியில் பலரும் பார்ப்பார்கள்.