ரிவியேர் தேஸாங்கி, மொரிஷியஸ்: தேர்தல் மாதக் குறிப்புகள்

22 அக்டோபர் 2024
வேட்புமனு நாள். எங்கள் 13ஆம் தொகுதியில் யார் என்ன செய்வார் என்று கடைத்தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. எந்தச் சாதி, யார் வீட்டு மருமகன், தமிழருக்கு இடம் விட்டார்களா, அவ்வளவுதான் பேச்சு. வேட்பாளர் தாளில் இந்து, முஸ்லிம், சீனர், மற்றவர்களெல்லாம் அடங்கிய ‘பொதுமக்கள்’ என்று நான்கே பிரிவுகள். நாம் இந்துவுக்குள் அடக்கம். அந்தப் பிரிவுகளை வைத்துக் கூடுதல் இடம் ஒதுக்கும் கணக்கும் 1972ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத்தான். அப்போது நான் பிறக்கவே இல்லை.

அப்பாவின் கால் புண் ஆறவில்லை.

25 அக்டோபர்
மருந்து மாற்றும்போது அப்பா மறுபடியும் அந்த நோட்டை எடுத்துவரச் சொன்னார். 1998இல் வந்த நூறு ரூபாய். எப்போதும் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசை, அந்த நோட்டில் ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று மாறியது. தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள். வங்கி நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் புதிதாக அச்சடித்தது. இந்த ஒன்றை மட்டும் அப்பா திருப்பிக் கொடுக்கவில்லை.

“அப்போது பிரதமர் யார்?” என்றார்.

நவீன் ராம்கூலம். எனக்குத் தெரியும். இந்த வீட்டில் பூனைக்கும் தெரியும்.

28 அக்டோபர்
மிஸ்யே முஸ்தாஸ் என்ற பெயரில் முகம் காட்டாத ஒருவர் இன்னும் இணையத்தில் ஒலிப்பதிவுகளை வெளியிடுகிறார். அமைச்சர், போலீஸ், பத்திரிகையாளர், எல்லார் தொலைபேசிப் பேச்சும் வெளியே வந்துவிட்டது. கத்ர் போர்ன் நகரத்திலிருந்து தம்பி அழைத்து, “அக்கா, போனில் அரசியல் வேண்டாம்” என்றான். பிறகு நாற்பது நிமிடம் அரசியல் பேசினான்.

31 அக்டோபர்
தீபாவளி. பக்கத்து வீட்டு சாச்சா கதோ பதாத் என்ற சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் கொண்டுவந்தார். அவர் வாசலில் பிரதமர் ஜக்நாத் கட்சியின் ஆரஞ்சுக் கொடி. காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறார்: வாழ்நாளெல்லாம் கரும்பு வெட்டியவர், 2014இல் முதியோர் பென்ஷன் 5,000 ரூபாய் ஆனபோதுதான் மகனிடம் கை நீட்டாமல் மருந்து வாங்கினார். நகரத்தில் இருப்பவர்கள் இதைக் காசுக்கு விற்ற ஓட்டு என்கிறார்கள். எனக்கு அது நன்றியாகத்தான் தெரிகிறது. தேர்தல் அறிக்கை படித்துப் போடும் ஓட்டைவிடக் குறைந்ததா என்ன?

1 நவம்பர்
ஃபேஸ்புக் திறக்கவில்லை. ஒலிப்பதிவுகள் பரவாமலிருக்க 11ஆம் தேதி வரை அரசாங்கத் தடையாம்.

2 நவம்பர்
தடையை நீக்கிவிட்டார்கள். ஆனால் சாச்சா கொதித்துப் போயிருக்கிறார். ஒலிப்பதிவுகளைக் கேட்டு அசையாத மனிதர், லண்டனில் இருக்கும் பேத்தியின் படத்தை ஒரு நாள் பார்க்க முடியாமல் போனதும் கொடியைக் கழற்றி மாட்டுக் கொட்டகையில் செருகிவிட்டார்.

கந்த சஷ்டி ஆரம்பம். மாலையில் கோவிலுக்குப் போக முடியவில்லை. புண்ணில் நாற்றம் தொடங்கியிருக்கிறது.

5 நவம்பர்
தூக்கம் இல்லை. அப்பாவும் தூங்கவில்லை, கணக்குப் போடுகிறார். ஒவ்வொரு ஓட்டுச் சீட்டிலும் மூன்று குறி போட்டாக வேண்டும். ஒன்றோ இரண்டோ போட்டால் செல்லாது. ஏஜெண்டுகள் மூன்றையும் ஒரே கூட்டணிக்குப் போடு என்கிறார்கள். அப்பாவுக்கு இந்தப் பக்கத்துத் தமிழர் வேண்டும், அந்தப் பக்கத்துத் தமிழரும் வேண்டும், மூன்றாவது யார் என்பதில்தான் இரவெல்லாம் கழிகிறது. எதிரணிச் சிவப்புக்குப் போட்டால் ராம்கூலம் வந்துவிடுவார். போடாவிட்டால் போனை ஒட்டுக் கேட்டவர்கள் இருந்துவிடுவார்கள். “கூடவே பெராஞ்சேயும் வருகிறாரே” என்றேன். அவர் 2003 முதல் 2005 வரை பிரதமராக இருந்தவர். இந்து அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அந்த ஒரு முறைதான். அப்பா அதற்கும் பதில் வைத்திருந்தார்: “வருவார். எத்தனை மாதம் இருப்பார்?”

விடியும்போது கால் வலிக்கிறதா என்று கேட்டேன். மூன்றாவது பெயரைச் சொன்னார்.

7 நவம்பர்
சூரசம்ஹாரம். இரு அணி வேட்பாளர்களும் வந்தார்கள். நெற்றி நிறைய விபூதி. இருவரும் முன்வரிசை.

8 நவம்பர்
நர்ஸ் வந்தாள். சர்க்கரை அதிகம். விரலைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டாள். திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டச் சொன்னாள். “தேர்தல் முடியட்டும்” என்றார் அப்பா.

10 நவம்பர்
ஆரம்பப் பள்ளியில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அப்பாவின் நாற்காலியை ஒரு பக்கம் ஆரஞ்சு ஏஜெண்ட் பிடித்தான், மறுபக்கம் சிவப்பு ஏஜெண்ட். உள்ளே உதவி வேண்டுமா என்று அதிகாரி கேட்டதற்கு, கை நன்றாகத்தான் இருக்கிறது என்றாராம். எவ்வளவு கேட்டும் யாருக்குப் போட்டார் என்று சொல்லவில்லை. எனக்குச் சொல்லாமல் எதையும் செய்யாதவர்.

11 நவம்பர்
எண்ணி முடிப்பதற்குள்ளேயே ஜக்நாத் தோல்வியை ஒப்புக்கொண்டார். மொரிஷியஸ் தீவின் 60 இடங்களும் ராம்கூலம் கூட்டணிக்கு. ‘கிராமம் அசையாது’ என்று எழுதிய புத்திசாலிகள் எங்கே? 1982இலும் ஒரே கூட்டணிக்கு 60, 1995இலும் 60. முதல் கூட்டணி ஓராண்டுகூடத் தாங்கவில்லை, அடுத்தது 1997இல் உடைந்தது. அதனால் வெடிச் சத்தத்தில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. சாச்சா எங்கிருந்தோ சிவப்புக் கொடி வாங்கிவிட்டார்.

அப்பா வானொலியை நிறுத்தச் சொன்னார். டாக்டரிடம் போகவில்லை.

13 நவம்பர்
காய்ச்சல் 39. தம்பி கார் எடுத்துக்கொண்டு வருகிறான். அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, போர்வை, பிளாஸ்க். நோட்டையும் பையில் வை என்கிறார். அங்கே தொலைந்துவிடும் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார்.