குரொச்சட் எங்கே?

மலையகத்துத் தேவாலயப் பாடகர் குழுவுக்கோ பாடசாலைக்கோ மேலைத்தேய சங்கீதம் சொல்லிக்கொடுப்பவரை, சங்கீதக் குறியீடு எழுதும் இலவச மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் உட்காரவைத்தால், முதலில் மாற்ற வேண்டியது மொழித் தெரிவு. பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்தில்தான் திறக்கும். ‘குவார்ட்டர் நோட்’, ‘மெஷர்’ என்று கேட்கும். லண்டன் பரீட்சைப் புத்தகங்களில் படித்த நம்மவருக்குத் தெரிந்ததோ குரொச்சட் (ஓர் அடி ஸ்வரம்), குவேவர் (அரை அடி), மினிம் (இரண்டு அடி), பார் (தாளக் கட்டம்). பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றி மறுபடி திறந்தால் அதே சொற்கள் வந்துவிடும். இரண்டு நிமிட வேலைதான். செய்யாமல் விட்டால், வருடக்கணக்காகப் பாட்டுப் பழக்கியவர் தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்திலேயே தடுமாறுவார். அது நியாயமில்லை.

மென்பொருளை இறக்கும் இடத்திலும் ஒரு குழப்பம். இலவச மென்பொருள் ‘டொட் ஓஆர்ஜி’ முகவரியில் இருக்கிறது. ‘டொட் கொம்’ என்பது ஸ்கோர்களை, அதாவது எழுதிய சங்கீதத் தாள்களைப் பகிரும் தளம். அங்கே சந்தா கேட்டதும், மென்பொருளுக்கே காசு என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். மியூஸ் சவுண்ட்ஸ் ஒலித் தொகுதிகள் பல கிகாபைட் பிடிக்கும். டேட்டா பார்த்துப் பாவிக்கும் வீட்டுக்கு அவை வேண்டாம், கூடவே வரும் அடிப்படை ஒலி பயிற்சிக்குப் போதும். 2022 டிசம்பரில் வந்த 4ஆம் பதிப்பு 64 பிட் கணினியில் மட்டுமே ஓடும். பழைய 32 பிட் கணினிக்கு 3.6.2 பதிப்பு. புதியதில் சேமித்த கோப்பு பழையதில் சரியாகத் திறக்காது என்பதால், இரண்டுக்கும் இடையில் மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் கொடுத்து வாங்க வேண்டும்.

அடுத்தது எழுதும் முறை. ‘என்’ விசை எழுதும் நிலைக்குக் கொண்டுபோகும். 4 குவேவர், 5 குரொச்சட், 6 மினிம், 7 செமிபிரீவ் (நாலு அடி), 0 ரெஸ்ட் (மௌன இடைவெளி). இது ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். ஆட்களை அழவைப்பது வேறொன்று. வேர்டில் நடுவில் ஒரு எழுத்தை அடித்தால் மற்றவை தள்ளிப்போகும். இங்கே தள்ளாது, மேலேயே எழுதிவிடும். 4/4 பாரின் முதல் அடியில் குரொச்சட்டை மினிமாக்கினால் இரண்டாம் அடியில் இருந்த ஸ்வரம் போய்விடும். அழித்தாலும் இடம் சுருங்காது, ரெஸ்ட் ஒன்று வந்து உட்காரும். பார் என்பது நிறைந்தே இருக்கும் பெட்டி என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அடி தொடங்குமுன் எடுப்பு வரும் கீதங்களுக்கு, ஸ்கோர் தொடங்கும்போதே ‘பிக்கப்’ அளவைக் கொடுக்க வேண்டும். மறந்தால் அந்தப் பாரின் பண்புகளில் அதன் உண்மை நீளத்தைக் குறைக்கலாம்.

தமிழ் வரிகளுக்கு மூன்று ஆயத்தம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பாட்டுகள் இங்கே ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் விழும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பிறகு ஸ்டைல் பகுதியில் வரிகளின் எழுத்துருவை லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருவாக வைக்க வேண்டும். மூன்றாவதாக, பாட்டை வேறிடத்தில் அசை பிரித்து அடித்துக்கொள்வது: ‘அன்-பே வா-ரும்’. அதைப் பிரதி எடுத்து, முதல் ஸ்வரத்தைத் தெரிந்து, கண்ட்ரோலும் எல்லும் அழுத்திவிட்டு, கண்ட்ரோலும் வியும் அழுத்த அழுத்த ஒவ்வொரு ஸ்வரத்தின் கீழும் ஒவ்வொரு அசை விழும். ஒரே அசை பல ஸ்வரங்களுக்கு நீளும் இடத்தில் அடிக்கோடு.

நாலு குரல் பாட்டை இரண்டு ஸ்டேவில் (ஐந்து கோட்டு வரிசையில்) எழுதினால் கடதாசி மிச்சம். ஆனால் வெவ்வேறு தோட்டத்தில் இருப்பவர்கள் கேட்டுத்தான் பழகுகிறார்கள், கணினி எல்லார் வீட்டிலும் இல்லை. ஒரே ஸ்டேவில் சோப்ரானோ, ஆல்ட்டோ என்ற இரண்டு மேல் குரல்களும் இருந்தால் 4ஆம் பதிப்பின் மிக்ஸரில் ஒன்றை மட்டும் மௌனமாக்க முடியாது. அதனால் நாலு ஸ்டேவில் எழுதி, குரலுக்கு ஒன்றாக எம்பி3 எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பலாம். அச்சுக்கு வேண்டியபோது ‘இம்ப்ளோட்’ கருவி இரண்டிரண்டாகச் சேர்த்துத் தரும்.

லிலிபொண்ட் என்ற இன்னொரு சங்கீத மென்பொருள் அச்சில் மிக அழகு. ஆனால் அதில் ஸ்வரங்களைக் குறியீடாக வைக்காமல் எழுத்துகளாக அடிக்க வேண்டும். ஓர் அடைப்புக்குறி விட்டால் பக்கமே குழம்பும். ஆசைப்படுபவருக்கு, மேலே ஒரு வரியில் மொழியை இத்தாலியன் என்று கொடுத்தால் டோ, ரே, மீ என்றே எழுதலாம். மற்றவரை அதற்குள் இழுக்க வேண்டாம்.

மொழி, எழுத்துரு, நாலு ஸ்டேவ், எல்லாம் சரியாக்கிய ஒரு கோப்பை டெம்ப்ளேட்ஸ் கோப்புறையில் போட்டுவைத்தால், புதிய ஸ்கோர் திறக்கும்போது அது பட்டியலில் வரும். தானாகச் சேமிக்கும் இடைவெளியை இரண்டு நிமிடமாக்கிவிடுங்கள். இடி மழை நாளில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை.