கத்திரி வெயிலில் கால் துவண்டால் அது எம்.எஸ். அட்டாக்கா?

கத்திரி வெயில் நாட்களில், வட சென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் சிமென்ட் ஷீட் போட்ட வீட்டுக்குள் மத்தியானம் உட்காரவே முடியாது. மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் கால் துவளும், கண் மங்கும். உடனே "திரும்பவும் அட்டாக் வந்துடுச்சா?" என்ற பயம். பல நேரம் அது வெறும் சூடுதான். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல், அட்டாக்குக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தேவையில்லாமல் ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. நிஜ அட்டாக்கை வெயில் என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மைலின் என்ற அந்த மேலுறை உரிந்த நரம்பில் சிக்னல் ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடல் சூடு அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே சிலருக்கு அது நின்றுவிடும். புதிதாக எந்த நரம்பும் கெடுவதில்லை. உடற்பயிற்சிக்குப் பிறகு பார்வை மங்குவதை 1890இல் எழுதிவைத்த ஜெர்மன் கண் மருத்துவர் உத்தாஃப் பெயரால்தான் இன்றும் இதைச் சொல்கிறார்கள். உடம்பு ஆறினால் தொந்தரவும் இறங்கிவிடும்.

ஆகவே முதல் வேலை உடம்பை ஆற வைப்பது. நம் பக்கம் கடலோரம். காற்றில் ஈரம் அதிகம், வியர்வை லேசில் காயாது. ஈரத்துணியும் ஃபேனும் மட்டும் போட்டால் உள்ளூர் புழுக்கத்தில் அவ்வளவாக எடுபடாது. பக்கெட்டில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கையையும் காலையும் 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். ஜில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மரத்துப்போன காலில் ஐஸ் கட்டியை நேரடியாக வைக்கவே வைக்காதீர்கள். தோல் புண்ணாவது தெரியாது. துணி சுற்றி வையுங்கள். வெளியே கிளம்பும் முன்பே குளித்துவிட்டுப் போனால் கூடுதல் நேரம் தாங்கும். விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு ஏசி உள்ள மெட்ரோவில் போகலாம்.

அடுத்தது தெர்மாமீட்டர். காய்ச்சல் இருந்தால் காரணம் கிருமியாக இருக்கலாம். எம்.எஸ்.ஸில் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாதவர்கள் நிறையப் பேர். அடிக்கடி பாத்ரூம் போகணுமே என்று தண்ணீரைக் குறைப்பார்கள், அங்கேதான் யூரின் இன்ஃபெக்‌ஷன் பிடிக்கும். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலும் வரலாம். சில நேரம் கால் இறுக்கம் திடீரென்று கூடுவது மட்டுமே அடையாளமாக இருக்கும். அதனால் ஸ்டீராய்டுக்கு முன் யூரின் ரொட்டீனும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலில் வரும் சிறுநீரை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் அது இன்னும் பரவும். சுகர் இருந்தால் அதையும் பார்த்துக்கொண்டுதான் போட வேண்டும்.

நிஜ அட்டாக் எப்படி இருக்கும்? புதிய தொந்தரவு, அல்லது பழையது தெளிவாகக் கூடுவது. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், ஆற வைத்த பிறகும் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்பது. முந்தைய அட்டாக் முடிந்து குறைந்தது 30 நாள் ஆகியிருப்பது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது, நிறம் வெளிறித் தெரிகிறது என்றால் அன்றைக்கே நரம்பு டாக்டரிடம் போங்கள். வழக்கமான சிகிச்சை மெத்தில்பிரட்னிசலோன் தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள், டிரிப்பில். அது குணமாவதைச் சீக்கிரமாக்கும். கடைசியில் எவ்வளவு குணமாகும் என்பதைப் பெரிதாக மாற்றாது. அதனால்தான் தேவையில்லாமல் ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

நிஜ அட்டாக்கைக் கிளப்பிவிடுவதில் சளி, ஃப்ளூ மாதிரி வைரஸ் தொற்றுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மணலி, எண்ணூர் புகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: காற்று மாசுக்கும் அட்டாக்குக்கும் தொடர்பு இருப்பதாகச் சில வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. புகை கனமான நாளில் என்95 மாஸ்க் போடலாம். சிகரெட்டை விடுவது அதைவிட முக்கியம்.

ஊசி மருந்து எடுப்பவர்கள் கரண்ட் கட்டுக்குத் தயாராக இருங்கள். எம்.எஸ். அட்டாக்கைக் குறைக்கப் போடும் இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். குளிர்ச்சிக்கு வைக்கும் ஜெல் பேக்குக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு துண்டை மடித்து வையுங்கள்.

வாய் கோணி, பேச்சுக் குளறி, ஒரு பக்கக் கை, கால் திடீரென்று செயலிழந்தால் 24 மணி நேரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108.