நூற்பாலை எனர்ஜி ஆடிட்: ஒப்பந்தம் முதல் கடைசி பில் வரை

கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் நூற்பாலைகளுக்கு எனர்ஜி ஆடிட் (மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து, குறைக்க வழி சொல்லும் வேலை) செய்யும் ஆலோசகர்களுக்குக் கடைசித் தவணை சிக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். அறிக்கை கொடுத்து, மில்லும் பரிந்துரைகளைச் செய்து முடித்த பிறகு முதலாளி கேட்பார்: "பில் குறையவே இல்லையே சார்?" மிச்சம் வந்திருக்கும். ஆனால் நடுவில் மில் 40ஆம் நம்பர் நூலிலிருந்து 60ஆம் நம்பருக்கு மாறியிருக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நூல் மெலிய மெலிய ஒரு கிலோவுக்கு ஆகும் யூனிட் ஏறும். இதை முன்கூட்டியே எழுதி வைக்காதவர் அப்போது என்ன விளக்கினாலும் சாக்குப்போக்காகவே கேட்கும்.

அதனால் அடிப்படைக் கணக்கு ஒப்பந்தத்தோடு இணைப்பாகப் போக வேண்டும். கடந்த 12 மாத யூனிட், நம்பர் வாரியான உற்பத்தி, அதை 40ஆம் நம்பருக்கு மாற்றிய கிலோ, யூனிட்டை அந்தக் கிலோவால் வகுத்து வரும் யூகேஜி, அதாவது ஒரு கிலோ நூலுக்கு ஆகும் யூனிட். பில் தொகையை அளவுகோலாக வைக்கவே கூடாது. சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் மில்லில் காற்று சீசனில் பில் தானாக இறங்கும். மெயின் மீட்டர் யூனிட்டோடு சோலார், ஜெனரேட்டர் யூனிட்டையும் கூட்டினால்தான் மில் உண்மையில் எவ்வளவு தின்கிறது என்பது தெரியும்.

'மில் முழுவதும் ஆடிட்' என்று ஒற்றை வரியில் வேலையை எழுதினால் ஹாஸ்டல் மோட்டார் வரை பார்க்கச் சொல்வார்கள். எவையெல்லாம் சேரும், எவை சேராது என்று இரண்டு பட்டியலும் வேண்டும். ஷிப்டுக்கு ஒரு எலக்ட்ரீஷியன், பேனல் சாவியோடு, மில் தர வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். இது இல்லாமல் முதல் நாள் வீணாவது சகஜம். கட்டணத்தை 30-40-30 என்று பிரிக்கலாம். கடைசி 30 சதவீதத்தை இறுதி அறிக்கையோடு பிணைக்க வேண்டும், மின்சார மிச்சத்தோடு அல்ல. பரிந்துரையைச் செய்வதா வேண்டாமா என்பது மில்லின் முடிவு. வரைவு அறிக்கைக்கு 15 நாளில் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்ற வரியும் அவசியம்.

அளவெடுப்பில் நடக்கும் தவறுகள் சின்னவை, விளைவு பெரியது. நூல் நூற்கும் மெஷினான ரிங் ஃப்ரேமில் கிளாம்ப் மீட்டரை ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்து எண்ணை எழுதுவார்கள். டாஃப் (காப் நிறைந்து கழற்றும் வரையிலான ஒரு சுற்று) தொடக்கத்தில் நூல் சுற்றும் காப் காலி, முடிவில் நிறைந்திருக்கும். லோடு ஏறிக்கொண்டே போகும். ஒரு டாஃப் முழுக்க, மின்சாரத்தைத் தொடர்ந்து பதிவு செய்யும் அனலைசர் ஓட வேண்டும். அனலைசருக்காகக் கேபிளில் மாட்டும் சி.டி.யின் (கரன்ட் அளக்கும் வளையம்) அம்புக்குறி திரும்பியிருந்தால் ஒரு ஃபேஸில் கிலோவாட் மைனஸில் வரும். கழற்றும்போது கவனித்துப் பயனில்லை, மாட்டியவுடன் பார்க்க வேண்டும்.

அமுக்கிய காற்று தரும் கம்ப்ரஸரின் லீக் டெஸ்ட் மில் நிற்கும் நாளில்தான் சாத்தியம். பொங்கல், தீபாவளி விடுமுறையை முதல் கூட்டத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. காற்றை எந்த மெஷினும் எடுக்காத நிலையில் கம்ப்ரஸரை ஓட்டி, லோடு (காற்றை அமுக்கும்), அன்லோடு (சும்மா சுற்றும்) நேரங்களைப் பல சுற்றுகள் குறிக்க வேண்டும். சராசரி லோடு 90 விநாடி, அன்லோடு 210 விநாடி என்றால் 300க்கு 90, அதாவது 30 சதவீதம் லீக். 500 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 500 கன அடி) கம்ப்ரஸரில் அது 150 சிஎஃப்எம். 7 பார் அழுத்தத்தில் 100 சிஎஃப்எம்முக்குச் சுமார் 18 கிலோவாட் வைத்தால் 27 கிலோவாட், நாளைக்கு 648 யூனிட். இந்த எண்ணை அப்படியே அறிக்கையில் போடுவது பெரிய தப்பு. லீக்கை அடைத்தாலும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் அன்லோடில் முழு லோடின் கால் பங்குக்கு மேல் மின்சாரம் இழுக்கும். ஒரு கம்ப்ரஸரை நிறுத்த முடிந்தால், அல்லது மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் விஎஃப்டி இருந்தால்தான் முழு மிச்சமும் கைக்கு வரும்.

மில்லுக்குள் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். காகிதத்தில் இதைவிட நல்ல பரிந்துரை கிடையாது. ஈரப்பதம் இறங்கி நூல் அறுந்தால் ஸ்பின்னிங் மாஸ்டர் மறுநாளே வேகத்தைப் பழையபடி ஏற்றிவிடுவார், அவர் செய்வது சரியும்கூட. ஒரு ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில் மட்டும், ஈரப்பதத்தையும் அறுப்புக் கணக்கையும் அவரே குறிக்கும்படி, கோடையிலும் மழைக்காலத்திலும் ஓட்டிக் காட்டிவிட்டு மற்றதைப் பேசலாம்.

வரைவை முதலாளிக்கு முன் எலக்ட்ரிக்கல் இன்சார்ஜுக்கும் மாஸ்டருக்கும் காட்டிவிட வேண்டும். முதலாளி முன்னால் முதன்முறையாகத் தன் பிரிவின் குறையைக் கேட்பவர் எந்தப் பரிந்துரையையும் நடக்க விடமாட்டார். மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்ட டிமாண்டை (அதிகபட்ச மின்தேவை, கேவிஏ கணக்கில்) சரண்டர் செய்து குறைக்கச் சொல்வதும் இந்தப் பேச்சுக்குப் பிறகுதான். 1000 கேவிஏ ஒப்பந்தத்தில் 780தான் பதிவானாலும் தமிழ்நாட்டில் 90 சதவீதமான 900க்குக் கட்டணம் உண்டு, குறைப்பது லாபம்தான். ஆனால் அடுத்த வருடம் புது ஃப்ரேம் வந்து டிமாண்ட் மறுபடி ஏறப்போகிறது என்ற தகவலோ மாஸ்டரிடம் இருக்கும்.

இறுதி அறிக்கையோடு அனலைசரின் மூலக் கோப்புகளையும் கணக்குத் தாளையும், எந்த பேனலில், எந்த நம்பர் ஓடும்போது அளந்தது என்ற குறிப்போடு இன்சார்ஜிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். மறு அளவீடும் அதே இடத்தில், அதே நம்பரில், அதே சீசனில் நடக்க வேண்டும். உங்கள் கட்டண பில்லை அன்றே 18 சதவீத ஜிஎஸ்டியோடு, உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) எண் போட்டு அனுப்புங்கள். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டம் சொல்கிறது.