ரூபிடியம் பெட்டியைக் குளிரவைத்தும் சூடேற்றியும் பார்த்தது

செல்போன் கோபுரங்களிலிருந்து கழற்றப்பட்டு விற்பனைக்கு வரும் பழைய ரூபிடியம் பெட்டி இது, அதாவது ஒரு சிறிய அணுக்கடிகாரம். 24 வோல்ட் கொடுத்தால் 10 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சீரான சைகை தரும். ரூபிடியம்-87 அணுவின் 6,834.68 மெகாஹெர்ட்ஸ் அதிர்வுதான் அதற்கு அளவுகோல். அணு மாறாது, ஆனால் அணுக்களை அடைத்துவைத்திருக்கும் கண்ணாடிக் கலத்தின் சூடு மாறினால், பெட்டி தரும் எண்ணும் நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க ஒப்பிட ஜிபிஎஸ் கடிகாரம் ஒன்றையும் அதிர்வெண்ணை அளக்கும் கவுன்ட்டரையும் இணைத்துவிட்டேன்.

முதலில் குளிர். ஈரம் படியாதிருக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பையில் சுற்றி, ஃப்ரீசரில் நன்றாகச் சில்லிட்ட பிறகு மின்சாரம் கொடுத்தேன். ஒன்றரை ஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டு வெகுநேரம் அடம்பிடித்தது. பிறகு மின்னோட்டம் சரசரவென்று இறங்கியது. அதிர்வெண் அணுவின் அதிர்வோடு பூட்டிக்கொண்டதைக் காட்டும் முனையின் வோல்ட்டேஜும் சட்டென்று விழுந்தது. அதற்குமேல் ஒரு குறையும் இல்லை. குளிர் கேட்பதெல்லாம் கொஞ்சம் கூடுதல் மின்சாரமும் பொறுமையும்தான்.

வெப்பம் அப்படியல்ல. இவ்வகைப் பெட்டிகளில் கலத்தினூடே ஒளி பாய்ச்சும் விளக்கு 100 டிகிரிக்கு மேலும், கலம் 70 முதல் 80 டிகிரிக்குள்ளும் வைக்கப்படுகின்றன. அவற்றைச் சூழ்ந்த ஓவனுக்குச் சூடாக்க மட்டுமே தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அடித்தகட்டைச் சூடேற்றிக்கொண்டே போனபோது, 30 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குள் அதிர்வெண்ணில் ஏற்பட்ட மாற்றம் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவே. அதாவது மணிக்கு 360 நானோநொடி பிழை. 65 டிகிரியை நெருங்கியதும் மின்னோட்டம் அடிமட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றது. ஓவன் கைவிட்டுவிட்டது. அதுவரை நேர்கோடாக ஓடிய வரைபடம் வளையத் தொடங்கியது.

ஓவனை இன்னும் சூடாக வைத்தால் தீராதா என்று தோன்றும். கலத்தில் பத்து டிகிரி ஏறினால் ரூபிடியம் ஆவி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது; விளக்கின் ஒளி மறுபக்கம் போய்ச் சேருவதற்குள் விழுங்கப்பட்டு, அணுவின் அதிர்வைத் தொடும்போது ஒளியில் தெரியும், நாம் தேடும் மெல்லிய சரிவு மங்கிவிடும். ஆகவே வடிவமைப்பாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். கலத்தில் நிரப்பும் நைட்ரஜன், சூடு ஏறும்போது அதிர்வெண்ணை உயர்த்தும், ஆர்கான் தாழ்த்தும். இரண்டையும் சரியான அளவில் கலந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான். சில்லு அளவு சீசியம் கடிகாரங்களில் கலத்தையே வெற்றிடத்தில் தொங்கவிடுகிறார்கள்; வெப்பம் கசிய வழியில்லாததால் மொத்தமே 120 மில்லிவாட் போதும். 2023-இல் ஏவப்பட்ட இஸ்ரோவின் என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் உள்நாட்டு ரூபிடியம் கடிகாரம் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் விசிறிக்கு வேலையில்லை, வெப்பம் தகடு வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

எனக்குக் காற்று இருக்கிறது. தடித்த அலுமினியத் தகட்டில் தெர்மல் பேஸ்ட் தடவிப் பெட்டியை இறுக்கி, விசிறி வைத்தேன். குளிர்ச்சியாக வைப்பது நோக்கமல்ல. அக்னி நட்சத்திரத்தில்கூட அறை எட்டாத 45 டிகிரியில் நிறுத்துவதே நோக்கம். விசிறியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் வரைபடத்தில் ரம்பப்பல் தெரிகிறது. அதனால் சூட்டை உணரும் தெர்மிஸ்டரைப் பார்த்து வேகத்தை மெல்ல மாற்றும் சுற்று போட்டேன். மோட்டாரின் காந்தப்புலமும் அதிர்வெண்ணைத் தொடும் என்பதால் விசிறியை ஒரு முழம் தள்ளிவைத்து, அட்டைக் குழாய் வழியே காற்றைக் கொண்டுவந்தேன். இப்போது தகடு அரை டிகிரிக்குள் நிற்கிறது. அடுத்து, மேல்மூடிக்கு நுரைப்பஞ்சு உறை.