முழங்காலுக்குக் கீழே நான்கு விரல்

அக்குபங்சர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் சீன மருத்துவம் ஒரு பதில் சொல்லும், மேற்கத்திய மருத்துவம் வேறொரு பதில் சொல்லும். இரண்டையும் பொதுப்படையாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்கிறேன். உடலுக்குள் ‘ச்சி’ என்ற ஒன்று ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகளே தடங்கள். அவற்றில் வயிற்றுத் தடத்தின் 36-ஆம் புள்ளி இது. சீனப் பெயர் ட்சூஸான்லி, சிகிச்சையாளர்கள் பேச்சில் எஸ்டி 36. உலகிலேயே அதிகமாக ஊசி குத்தப்பட்ட, அதிகமாக ஆராயப்பட்ட சில புள்ளிகளில் இதுவும் ஒன்று.

முதலில் இடம். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் சிறு தலையணை கொடுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே, வெளிப்பக்கமாக ஒரு குழி தட்டுப்படும். அங்கிருந்து நோயாளியின் நான்கு விரல்களைச் சேர்த்துவைத்த அகலம் கீழே இறங்குங்கள். உங்கள் விரலால் அளக்கக் கூடாது, அவருடைய விரல்தான் கணக்கு. பிறகு காலின் முன்னெலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே தள்ளுங்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் அந்த இடத்தில் தசை திரண்டு எழும். அழுத்தினால் பலருக்கும் சுற்றுப்புறத்தைவிட அங்கே கூடுதலாக வலிக்கும்.

சீன அளவு ‘சுன்’ சென்டிமீட்டரைப் போல மாறாத அளவு அல்ல. முழங்கால் மடிப்பிலிருந்து வெளிக்கணுக்கால் முனை வரை 16 சுன். குழந்தையின் காலும் 16 சுன்தான், ஆறடி ஆளின் காலும் 16 சுன்தான். நான்கு விரல் என்பது அதில் 3 சுன்.

ஊசி பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர் தடிமன், 40 மில்லிமீட்டர் நீளம். மருந்தேற்றும் 22 கேஜ் ஊசியின் தடிமன் சுமார் 0.7 மில்லிமீட்டர் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். உள்ளே துளை கிடையாது, அதனால் திசுவை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். தோலைத் தாண்டும்போது சுருக்கென்று ஒரு கணம். அதன் பிறகு நேராக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆழம் வரை இறக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிறு வீச்சில் இருபக்கமும் உருட்ட வேண்டும்.

அப்போது ஒன்று நடக்கும். அதுவரை வெண்ணெயில் நிற்பதுபோல் நின்ற ஊசியைத் திசு பிடித்துக்கொள்ளும். நோயாளிக்குள்ளும் ஓர் உணர்வு எழும். சீனர்கள் இதற்கு ‘டே-ச்சி’ என்று பெயர் வைத்தார்கள், ‘ச்சி வந்து சேர்வது’ என்று பொருள். அதை நான்கு சொற்களால் விவரிப்பார்கள்: சுவான், மா, ஜாங், ஜோங். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் முதல் சொல்லுக்கு நிகர் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. நாள் முழுக்க நடந்த பிறகு காலில் வருமே உளைச்சல், அதுதான் சுவான். மா என்பது மதமதப்பு. ஜாங் உள்ளிருந்து விம்முவது, ஜோங் பாரம். இந்த நான்கும் நல்ல அறிகுறிகள். சுளீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் பாதம் வரை ஓடினால் அது டே-ச்சி அல்ல. அடியில் ஓடும் ஆழ் பெரோனியல் நரம்பை ஊசி தொட்டுவிட்டது, உடனே சில மில்லிமீட்டர் பின்னே இழுக்க வேண்டும்.

இரண்டு மருத்துவங்களும் சந்திக்கும் இடம் இந்த உணர்வுதான் என்பது என் எண்ணம். தடங்களுக்கும் நரம்புகளுக்கும் வரைபடம் போட்டுப் பொருத்திப் பார்க்கிறவர்கள் தேடும் சந்திப்பு அங்கே இல்லை.

சீனத் தரப்பை அதன் சொற்களிலேயே கேட்போம். கி.மு. 2, 1-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டித் தொகுக்கப்பட்ட ஹுவாங்தி நெய்ஜிங் என்ற மருத்துவ நூல், உடலின் பன்னிரண்டு தடங்களைச் சீன நிலத்தின் பன்னிரண்டு ஆறுகளோடு ஒப்பிடுகிறது. கால்விரல் நுனியில் ஓட்டம் ஊற்றுக்கண் அளவு மெலிது. பாதம், கணுக்கால் என்று மேலே வரவர அது சுனையாகி, ஓடையாகி, ஆறாகப் பெருகி, முழங்காலருகே ஆழமாக உட்புகுந்து கடலில் கலக்கிறது. எஸ்டி 36 அந்தக் கூடல். இங்கே தட்டினால் உள்ளே இரைப்பைக்கும் குடலுக்கும் கேட்கும் என்பது கோட்பாடு. “வயிறு என்றால் ஸான்லியில் ஊசியை நிறுத்து” என்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒரு வரியும் உண்டு. ஓட்டம் குறைந்திருந்தால் கூட்டுவது, மிகுந்து தேங்கியிருந்தால் வடிப்பது, தடைப்பட்டிருந்தால் திறப்பது. வலி என்பது தடைப்பட்ட ஓட்டம். ஊசியை எவ்வளவு வேகத்தில் உருட்டுகிறோம், எவ்வளவு அழுத்தமாக ஏற்றி இறக்குகிறோம் என்பதில்தான் கூட்டுவதும் வடிப்பதும் பிரிகின்றன. ச்சி வந்தால்தான் பலன் என்று நெய்ஜிங் நேராகவே சொல்கிறது. தூண்டிலில் மீன் கடித்ததும் தக்கை அமிழ்வதுபோல் ச்சி வருவது விரலுக்குத் தெரியும் என்பது பிற்காலச் செய்யுள் ஒன்றின் உவமை. ஊசி போட்டுப் பழகிய யாரும் இதைப் படித்தால் சட்டென்று தலையாட்டுவார்கள்.

இங்கே ஒரு விலகல் தேவைப்படுகிறது. ‘சக்தி ஓட்டம்’ என்று நாம் தமிழில் பழகிவிட்ட சொல் சீனத்திலிருந்து நேராக வந்தது அல்ல. சீனாவில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் சூலியே து மொரான் 20-ஆம் நூற்றாண்டில் ச்சியை ‘எனர்ஜி’ என்றும் தடங்களை ‘மெரிடியன்’ என்றும் மொழிபெயர்த்தார். பூகோளத்தில் தீர்க்கரேகைக்கு உள்ள அதே சொல்தான் இந்த மெரிடியன். அந்தப் பெயர்கள் உலகெங்கும் நிலைத்துவிட்டன. மூலத்தில் தடத்துக்கு உள்ள சொல் ‘மாய்’. நாடிக்கும் ரத்தக்குழாய்க்கும் அதே சொல்தான். ச்சியை எழுதும் பழைய எழுத்துக்குள் அரிசியைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது, வேகும் சோற்றிலிருந்து எழும் ஆவி என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். சதையும் ரத்தமும் ஆவியுமாக இருந்த ஒரு கருத்தை, கண்ணுக்குத் தெரியாத மின்சாரம்போல ஆக்கியது மொழிபெயர்ப்பு. ‘கருவியில் தெரியாத சக்தியை எப்படி நம்புவது?’ என்ற சண்டையில் பாதி இந்த ஒரு சொல்லால் வந்தது.

இன்னொன்று. புள்ளிகளை முதலில் கண்டுபிடித்து, பிறகு கோடு போட்டு இணைத்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். 1973-இல் சீனாவில் மாவாங்துயி கல்லறையைத் தோண்டியபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168-இல். அந்த ஏடுகளில் பதினோரு தடங்கள் இருக்கின்றன, மூலிகை சுட்டு வைக்கும் மோக்ஸா இருக்கிறது. ஊசியும் இல்லை, பெயர்பெற்ற புள்ளிகளும் இல்லை. இன்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ள 361 புள்ளிகள் பல நூற்றாண்டுகளில் சேர்ந்தவை.

இனி மேற்கத்திய உடலியல். தசைக்குள் போன ஊசியை உருட்டும்போது அங்குள்ள மெல்லிய உணர்வு நரம்பிழைகள் தூண்டப்படுகின்றன. உளைச்சலும் பாரமும் அவற்றின் மொழி. சீன ஆராய்ச்சியாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. தோலுக்கு அடியில் மட்டும் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால் டே-ச்சியும் வலிக்குறைவும் அப்படியே இருந்தன. ஆழத்தில் தசைக்குள் செலுத்தியதும் இரண்டும் சேர்ந்து மறைந்தன. ச்சி வராவிட்டால் பலனில்லை என்ற பழைய வாக்கியத்தை நரம்பு வழியாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

தூண்டல் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் அதே மட்டத்தில் வரும் வலிச் செய்தியைத் தணிக்கிறது. மேலே நடுமூளை வரை ஏறி, அங்கிருந்து இறங்கும் தடுப்பு வழிகளையும் திறக்கிறது. உடல் தானே சுரக்கும், அபின்போல் வலி தணிக்கும் ஓபியாய்டுகள் இதில் வேலை செய்கின்றன. 1976-இல் டொராண்டோவில் புரூஸ் பொமரான்ஸ் எலிகளுக்கு ஓபியாய்டைத் தடுக்கும் நலாக்சோன் கொடுத்தபோது ஊசியின் வலிக்குறைவு மறைந்தது. பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் இன்னும் நுணுக்கமாகப் போனார். ஊசியில் மின்துடிப்பை நொடிக்கு 2 முறை கொடுத்தால் என்கெஃபலினும் எண்டார்ஃபினும், 100 முறை கொடுத்தால் டைனார்ஃபினும் சுரக்கின்றன. மூன்றுமே ஓபியாய்டு வகைகள். இரண்டையும் மாறிமாறிக் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து கிடைக்கும். மணிக்கணக்கில் தொடர்ந்து தூண்டினால் பலன் தேயும் என்றும் அவர் காட்டினார். கோலிசிஸ்டோகைனின் என்ற பொருள் சுரந்து ஓபியாய்டுக்கு எதிராக நிற்கிறது. ஊசியை 20, 30 நிமிடத்தில் எடுத்துவிடும் வழக்கத்துக்கு இது நல்ல துணை. ‘இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் நல்லது’ என்பது சரியில்லை.

ஊசி நிற்கும் இடத்திலும் வேலை நடக்கிறது. 2010-இல் மைக்கென் நெடர்கார்டின் குழு எலியின் எஸ்டி 36-இல் ஊசியை உருட்டியபோது சுற்றிலும் வலி தணிக்கும் அடினோசின் என்ற பொருள் பன்மடங்கு உயர்ந்தது. அதை ஏற்கும் ஏ1 ஏற்பி இல்லாத எலிகளுக்கு வலி குறையவில்லை. உருட்டாமல் சும்மா செருகிய ஊசியும் பலன் தரவில்லை. தக்கை அமிழும் அந்தப் பிடிப்பு என்ன என்பதை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலீன் லாஞ்ஜவேன் பார்த்தார். தக்களியில் நூல் சுற்றுவதுபோல், இணைப்புத்திசுவின் நார்கள் ஊசியில் சுற்றிக்கொள்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு 2021-இல் ஹார்வர்டில் சியூஃபூ மாவின் குழு வெளியிட்டது. எலியின் எஸ்டி 36-இல் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால் செய்தி மூளைக்குப் போய், மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியே அட்ரீனல் சுரப்பிக்கு இறங்கி, உடலெங்கும் அழற்சி தணிகிறது. அதே அளவை வயிற்றுப் புள்ளியான எஸ்டி 25-இல் கொடுத்தால் இந்த வழி திறக்கவில்லை. இதைத் தொடங்கிவைக்கும் குறிப்பிட்ட வகை நரம்பிழைகள் பின்னங்காலின் ஆழ்ந்த தசையுறையில் இருக்கின்றன, வயிற்றுத் தசையுறையில் இல்லை. முழங்காலுக்குக் கீழே குத்தினால் உள்ளுறுப்புக்குக் கேட்கும் என்ற பழைய கூற்றுக்கு முதல்முறையாக உடற்கூறு சார்ந்த ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. ஆனால் இது எலி, இது மின்சாரம், இது நச்சு கொடுத்து உண்டாக்கிய அழற்சி. இதைக் காட்டி ‘எதிர்ப்பு சக்தி கூடும்’ என்று பலகை வைப்பது தவறு.

மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகள் இவ்வளவு இனிமையாக இல்லை. 2007-இல் வெளியான ஜெர்மனியின் ஜெராக் சோதனையில் 1,162 முதுகுவலிக்காரர்கள் இருந்தார்கள். முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியதில் 44.2. மருந்து, உடற்பயிற்சி அடங்கிய வழக்கமான சிகிச்சையில் 27.4. ஊசிக்கும் போலி ஊசிக்கும் பெரிய வேறுபாடு இல்லை, இரண்டுமே வழக்கமான சிகிச்சையை முந்திவிட்டன. எதிர்ப்பவர்கள் முதல் இரண்டு எண்களை மட்டும் சொல்கிறார்கள், ஆதரிப்பவர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் சொல்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். போலி ஊசியும் தோலையும் நரம்பையும் தூண்டுகிறது. எதிர்பார்ப்பும் கவனிப்பும் சேர்கின்றன. நாட்பட்ட முதுகுவலியில் துல்லியமான புள்ளிக்கு ஊசி போடும் நாங்கள் கொடுத்துவந்த முக்கியத்துவம் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புள்ளி முக்கியமில்லை என்று அதிலிருந்து முடிவுகட்டவும் முடியாது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து 2 சுன் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கும் பிசி 6 என்ற புள்ளியைப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு அதைத் தூண்டிய 59 சோதனைகளை, 7,667 பேரை, மருத்துவச் சோதனைகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு 2015-இல் தொகுத்தது. போலித் தூண்டலைவிடக் குமட்டல் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இதில் ஊசியே இல்லாமல் விரலால், பட்டையால் அழுத்திய சோதனைகளும் உண்டு. பெல்ஃபாஸ்டில் மயக்கவியல் பேராசிரியர் ஜான் டண்டீ அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து ஊசி போட்டபோது பலன் போய்விட்டது. இங்கும் நரம்பு உயிர்ப்போடு இருந்தாக வேண்டும்.

இடத்தைத் தேர்வதற்கும் கையின் பக்குவத்துக்கும் நான் சீன வரைபடத்தை நம்புவேன். என்ன நோய்க்கு, எவ்வளவு ஆழம், எப்போது நிறுத்துவது என்பதற்கு உடலியலை மட்டுமே நம்புவேன். இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளரிடமிருந்து, அவர் எவ்வளவு நாடி பார்க்கத் தெரிந்தவராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

ஆழம் என்றதும் தோள். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே இருக்கும் ஜிபி 21 என்ற புள்ளியில் நேராகக் கீழே குத்தினால் நுரையீரல் உச்சி காத்திருக்கிறது. ஒல்லியானவர்களுக்கு அது 10, 20 மில்லிமீட்டரிலேயே வந்துவிடும். தசையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துச் சாய்வாகப் போட வேண்டும். நுரையீரலில் காற்றுக் கசிவு அரிதுதான், ஆனால் மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். அன்று இரவு நெஞ்சில் குத்தலோ இரைப்போ வந்தால் மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அனுப்புவது சிகிச்சையாளர் கடமை. நடுநெஞ்செலும்பிலும் நேராகக் குத்தக் கூடாது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த எலும்பில் ஓட்டை இருக்கும், பின்னால் இதயம். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மின்தூண்டல் வேண்டாம்.

மயக்கம் பெரும்பாலும் முதல் தடவை வருபவருக்கு, வெறும் வயிற்றோடு உட்கார்ந்த நிலையில் போடும்போது வரும். எல்லா ஊசியையும் எடுத்துவிட்டுப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, தெளிந்ததும் இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுத்தால் சில நிமிடங்களில் சரியாகும். ஒரே திசையில் அதிகம் உருட்டினால் நார்கள் இறுகி ஊசி மாட்டிக்கொள்ளும். பிடுங்காதீர்கள். எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, சுற்றிலும் விரலால் தட்டி, சற்றுக் காத்திருங்கள். பக்கத்தில் இன்னொரு ஊசி போட்டாலும் தசை விட்டுக்கொடுக்கும். நோயாளி அசைந்ததால் ஊசி வளைந்திருந்தால் முதலில் பழைய நிலைக்குக் காலைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, வளைவின் போக்கிலேயே எடுக்க வேண்டும். பிடி வரைக்கும் ஊசியை ஏற்றாமல் சில மில்லிமீட்டர் வெளியே விடுவது, பிடியை ஒட்டிய அடிப்பகுதியில் முறிந்தால் மீதி உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக.

எடுக்கும்போது பஞ்சை அருகில் வைத்து, மெல்ல இழுத்து, ரத்தம் துளிர்த்தால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு இன்னும் கூடுதல் நேரம். போட்ட ஊசி எத்தனை என்று எழுதிவைத்து, எடுத்ததும் எண்ணிச் சரிபாருங்கள். தலைமுடிக்குள் ஒன்று தங்கிவிடுவதுண்டு.